கூலி என்பது இழிசொல்லா?

"தோட்டத்து மக்கள் ஏன் முன்னேறவில்லை?" என்று வினவினால், பட்டணத்து மேடைகளில் விடை ஆயத்தமாகவே இருக்கிறது: "சேமிக்கத் தெரியாதவர்கள், கள்ளுக்கடையில் காசைத் தொலைத்தவர்கள்." உழைத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இத்தீர்ப்பை நான் மறுக்கிறேன்.

கள்ளின் கேட்டை மறைப்பது என் நோக்கமன்று. ஆயினும், தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடைக்கு இடம் அளித்தவர் யார்? தொழிலாளியா?

வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் எழுந்தனர். மழை பெய்தால் வெட்டில்லை. வெட்டில்லையேல் வருவாயும் சுருங்கியது. குடியிருந்த லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். ஐரோப்பிய முதலாளிகள் விற்றுச் சென்ற தோட்டங்கள் 1950களில் துண்டாடப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே பறிபோயின. காடழித்துத் தோட்டம் ஆக்கியவனுக்கு அம்மண்ணில் ஒரு சாண் இடமும் உரிமையில்லை. இதற்குப் பெயர் ஊதாரித்தனமா?

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே அச்சங்கம் முதலில் வாங்கியது. சேமிக்கத் தெரியாதவர்கள் தோட்டம் வாங்கிய விந்தையை மேடைப் பேச்சாளர்கள் விளக்குவார்களா? குறை மக்களின் குணத்தில் இல்லை; கூலியின் அளவிலும் உடைமையின்மையிலும் இருந்தது. நாடு விடுதலை பெற்று 55 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2013இல், குறைந்தபட்சச் சம்பளம் நாடு தழுவிய சட்டமாக நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி!

'கூலி' என்னும் நம் சொல் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. காலனி ஆட்சியில் அதுவே உழைப்பவனை இழித்துரைக்கும் பெயராயிற்று. அந்த வடு நம் பாட்டன்மாரின் நெஞ்சில் பதிந்தது. இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தவரையும் நம்மவர் சிலர் விளிக்கும் தொனியில் அதே இழிவு ஒலிக்கவில்லையா? வடுப்பட்டவனே வடு இடுவது எவ்வளவு கொடுமை!

ஒருவன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று மட்டுமே கேட்கும் சமுதாயம், அது யார் வியர்வையில் விளைந்தது என்று கேட்க மறந்துவிடும். செல்வம் வேண்டும், ஐயமில்லை. ஆயின், உழைப்பை இகழ்ந்து சேர்க்கும் செல்வம் நம்மை உயர்த்தாது. கூலியை இழிசொல்லாகக் கருதுவோர் முதலில் தம் பாட்டனாரின் கைகளை நினைத்துப் பார்க்கட்டும்.