பூட்டிய கதவுக்குப் பத்துக்குப் பத்து

2025-ஆம் ஆண்டுக்கான ‘கோல்ஃப்வீக்’ தரவரிசையிலும் அமெரிக்காவின் தலைசிறந்த நவீன கோல்ஃப் திடல் நெப்ராஸ்கா மாநிலத்தின் சான்ட் ஹில்ஸ்தான். 1995-இல் திறக்கப்பட்ட அந்தத் திடல் முதலிடத்தில் உட்கார்ந்து பல காலம் ஆகிறது. வழக்கம்போலச் சண்டையும் தொடங்கிவிட்டது. ஓரெகன் கடற்கரையில் இருக்கும் பசிபிக் டியூன்ஸ் அதை முந்தியிருக்க வேண்டாமா? லாங் ஐலண்டின் ஃப்ரையர்ஸ் ஹெட்டுக்கு அநீதி நடந்துவிட்டதா? பீட் டை கட்டிய திடல்களை இப்படிக் கீழே தள்ளலாமா? கடற்காற்றுக்கு எத்தனை மதிப்பெண், மணல்மேட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று மயிர் பிளக்கும் வாதம் நடக்கிறது.

இத்தனை சத்தத்திலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. முதலிடம் பெற்ற திடலுக்குள் யார் போகலாம்? சான்ட் ஹில்ஸ் ஒரு தனியார் மன்றம். ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ இதழின் பட்டியலில் முதல் ஐந்து இடங்களைப் பிடித்த பைன் வேலி, அகஸ்டா நேஷனல், சைப்ரஸ் பாயின்ட், ஷின்னகாக் ஹில்ஸ், ஓக்மான்ட் ஐந்தும் தனியார் மன்றங்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 16,000 கோல்ஃப் திடல்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு, கட்டணம் செலுத்தும் எவரும் ஆடக்கூடியவை. நாட்டில் நான்கில் மூன்று பங்கு. உச்சியிலோ ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தவர், அதன் பிறகு எந்தத் தரவரிசையையும் பழைய பக்தியோடு படிக்க முடியாது.

‘திடலின் தரத்தைத்தான் அளக்கிறோம், வாசற்கதவை அல்ல’ என்பது பட்டியல்காரர்களின் பதில். ஏதோ தரம் என்பது காலத்துக்கும் மாறாத அளவுகோல் என்பது போல. ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ 1966-இல் வெளியிட்ட முதல் பட்டியல், அமெரிக்காவின் மிகக் கடினமான 200 திடல்களின் பட்டியல். ஆடுபவரை எவ்வளவு திணறடிக்கிறதோ அவ்வளவு உயர்ந்த திடல் என்பதே அன்றைய கருத்து. பிறகு கடினம் மட்டும் போதாது என்றார்கள். பாரம்பரியத்துக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அதையும் பின்னால் எடுத்துவிட்டார்கள். இன்று அழகு, தனித்தன்மை, பராமரிப்பு, அமைப்பில் பன்மை என்று தலைப்புகள் நீள்கின்றன. ‘கோல்ஃப்வீக்’கோ 1960-ஐக் கோடாகக் கிழித்து, அதற்கு முந்தையவை செவ்வியல், பிந்தையவை நவீனம் என்று பிரித்துவிட்டது. எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் எடுத்த முடிவுகள். புல்வெட்டும் நேர்த்திக்கு ஒரு தலைப்பு ஒதுக்க முடிந்தவர்களுக்கு, ‘உள்ளே விடுவார்களா’ என்பதற்கு ஒரு தலைப்பு ஒதுக்க முடியாதா?

சான்ட் ஹில்ஸின் மேன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. டிக் யங்ஸ்கேப் என்பவர் சுமார் 8,000 ஏக்கர் மணல்மேட்டை வாங்கி, பில் கூர், பென் கிரென்ஷா இருவரையும் அழைத்துவந்து விட்டார். அவர்கள் புல்டோசரை அழைக்கவில்லை, நடந்தார்கள். காற்றும் காலமும் செதுக்கி வைத்திருந்த அந்த நிலத்தில் 130-க்கும் மேற்பட்ட குழிகளுக்கான இடங்களைக் கண்டு வரைபடத்தில் குறித்தார்கள். அதிலிருந்து பதினெட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையாக இருந்தது. மண்ணைப் புரட்டியது மிகக் குறைவு. காற்று பறித்துப்போட்ட மணற்பள்ளங்களே பங்கர்கள். திடலின் ஓரத்தில் ‘பென்ஸ் போர்ச்’ என்று ஒரு மரத் திண்ணை இருக்கிறது. ஆடி முடித்தவர்கள் அங்கே உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டுக்கொண்டே அடிவானம் வரை புல்லைப் பார்க்கலாம். பக்கத்து ஊரான மலனின் மக்கள்தொகை சுமார் 500. இதெல்லாம் அற்புதம்தான். ஆனால் அந்த மதிப்பெண்ணில் வடிவமைப்பாளருக்கு எவ்வளவு, காற்றுக்கு எவ்வளவு, 8,000 ஏக்கர் வாங்க முடிந்த பணப்பைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த நடுவராலும் முடியாது.

எதிர்த்தரப்பு உடனே லாஸ் வேகஸின் ஷேடோ கிரீக்கைக் காட்டும். சூதாட்ட விடுதி அதிபர் ஸ்டீவ் வின், வடிவமைப்பாளர் டாம் ஃபேசியோவை வைத்துப் பொட்டல் பாலைவனத்தைத் தோண்டி, ஓடை விட்டு, ஆயிரக்கணக்கான மரங்களை நட்டு 1989-இல் எழுப்பிய திடல் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை முதல் பத்துக்குள் ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ கொண்டுவந்தபோது பெரிய ரகளையே நடந்தது. பணத்தைக் கொட்டினால் பட்டியலில் இடம் வாங்கிவிடலாமா என்று தூய்மைவாதிகள் கொதித்தார்கள். இயற்கையா செயற்கையா என்ற அந்தப் பட்டிமன்றம் இன்றும் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், அன்று ஷேடோ கிரீக்கில் வின்னின் விருந்தினர்கள் மட்டுமே ஆட முடியும். இயற்கைக் கட்சியின் செல்லப்பிள்ளையும் செயற்கைக் கட்சியின் செல்லப்பிள்ளையும் ஒன்றுபட்ட ஒரே இடம், அந்நியருக்கு அனுமதி இல்லை என்ற பலகைதான். இப்போது ஷேடோ கிரீக்கில் குறிப்பிட்ட விடுதிகளில் தங்குபவர்களும் ஆடலாம். ஒரு சுற்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைத்தால்.

சரி, மதிப்பெண் போடுபவர்கள் யார்? ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீட்டாளர்களை வைத்திருக்கிறது. ஆண் மதிப்பீட்டாளருக்கு ஹேண்டிகேப் (குறையக் குறைய ஆட்டம் மேல் என்று காட்டும் எண்) 5 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் ஹேண்டிகேப் பதிவு வைத்திருக்கும் ஆண்களின் சராசரியோ சுமார் 14. பெண்களின் சராசரி 28-ஐ ஒட்டி நிற்கிறது. இவர்களும் பதிவு வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆர்வமுள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் கூட்டம் இந்தக் கணக்கிலேயே வராது. பந்தை நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்குப் பிடித்த திடல், புதருக்குள் பந்தைத் தேடும் பெரும்பான்மைக்கும் சிறந்த திடல் என்று யார் சொன்னது? இந்த 5-க்கும் 14-க்கும் இடையே விழுந்திருக்கும் பள்ளத்தில்தான் தரவரிசையின் நம்பகத்தன்மை புதைந்து கிடக்கிறது.

அது மட்டுமா? தனியார் மன்றத்துக்குள் நுழைய மதிப்பீட்டாளருக்கும் மன்றத்தின் தயவு வேண்டும். வாசலில் வரவேற்பு, கூடவே கேடி, ஆட்டம் முடிந்ததும் உபசரிப்பு. சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார வைத்துச் சாம்பாருக்கு மதிப்பெண் கேட்டால் நாம் எவ்வளவு போடுவோம்? பசிபிக் டியூன்ஸை வடிவமைத்த டாம் டோக், அதற்கு முன்பு பல ஆண்டுகள் ‘கோல்ஃப் மேகசின்’ தரவரிசையை நடத்தியவர். திடல்களுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டுப் புத்தகமும் எழுதியவர். அவர் திறமையையோ நேர்மையையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியல் போடுபவர், திடல் கட்டுபவர், விருந்துக்கு அழைப்பவர் எல்லாரும் ஒரே சின்ன வட்டத்துக்குள் சுற்றிவருகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த வட்டத்தின் கண்ணுக்கு எது தெரியாது என்பதை 1990 காட்டிக்கொடுத்தது. அலபாமாவின் ஷோல் கிரீக், ஜாக் நிக்லஸ் வடிவமைத்து 1977-இல் திறந்த, பேர்பெற்ற நவீனத் திடல். அங்கே பிஜிஏ சாம்பியன்ஷிப் நடக்கவிருந்த நேரத்தில், கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்பதை மன்றத்தின் நிறுவனரே செய்தியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நாடே கொந்தளித்தது. பட்டியல்காரர்களுக்கு இது முன்பே தெரியாதா? தெரியும். மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். பழைய திடல்களின் கதை இன்னும் மோசம். பட்டியல்களின் நிரந்தர மகுடதாரி பைன் வேலி, பெண்களை உறுப்பினராகச் சேர்க்க முடிவெடுத்தது 2021-இல். அதுவரை பெண்கள் உள்ளே ஆட ஒதுக்கியிருந்தது ஞாயிறு பிற்பகல். ஆண்டுக்கணக்காக அந்தத் திடலுக்கு முதல் மதிப்பெண் போட்டவர்கள் எவருடைய கையும் கூசவில்லை.

‘பொதுமக்கள் ஆடும் திடல்களுக்குத் தனிப் பட்டியலே போடுகிறோமே’ என்பார்கள். இரண்டாம் வரிசைக்குத் தனிப் பட்டியல் கொடுப்பது சமாதானம் செய்யும் வேலை. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ‘பசிபிக் டியூன்ஸ் எல்லாருக்கும் திறந்ததுதானே’ என்பது அடுத்த வாதம். திறந்ததுதான். வாழ்த்து அட்டை விற்றுச் சம்பாதித்த மைக் கைசர், ஓரெகனின் பாண்டனில் கடற்கரையோரம் திடல்களைக் கட்டி, வண்டிகளைத் தவிர்த்து எல்லாரையும் நடந்தே ஆட வைத்தது நல்ல காரியம். ஆனால் நல்ல பருவத்தில் ஒரு சுற்று முந்நூறு டாலரைத் தாண்டும். போர்ட்லாந்திலிருந்து காரில் போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசலில் காவலாளி இல்லை, அவ்வளவே.

என் கட்சிக்கான சாட்சி நெப்ராஸ்காவிலேயே இருக்கிறது. கோதன்பர்க் என்ற சிற்றூரில் 1999-இல் திறக்கப்பட்ட வைல்ட் ஹார்ஸ் திடல். அதை வடிவமைத்த டேவ் ஆக்ஸ்லண்ட், டான் ப்ராக்டர் இருவரும் யார் தெரியுமா? கூர், கிரென்ஷாவிடம் வேலை பார்த்து, சான்ட் ஹில்ஸில் மண்ணைக் கையால் தொட்டு உருவம் கொடுத்தவர்கள். அங்கே கற்ற வித்தையை எடுத்துக்கொண்டு, அதே மாநிலத்தில், ஊர்க்காரர்களின் பணத்தில், யார் வேண்டுமானாலும் வந்து ஆடும் திடலைக் கட்டினார்கள். அதே கட்டுப்பாடான கை, அதே கிழிந்த விளிம்புள்ள பங்கர்கள், அதே அகன்ற ஃபேர்வே, முழங்கால் உயரத்துக்கு அசையும் அதே பழுப்புப் புல். பாண்டனில் ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே இரண்டு சுற்றாவது ஆடலாம். மளிகைக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் மாலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆடக்கூடிய இடம்.

தரவரிசைக்காரர்களுக்கு வைல்ட் ஹார்ஸைத் தெரியாமல் இல்லை. பாராட்டுகிறார்கள், ‘கொடுத்த காசுக்கு மேல்’ என்று முதுகில் தட்டுகிறார்கள், பிறகு சான்ட் ஹில்ஸுக்குப் பல படிகள் கீழே வைக்கிறார்கள். மணல்மேடுகள் அங்கே அவ்வளவு பெரியவை அல்லவாம். அதாவது நிலம் தாழ்ந்ததால் மதிப்பெண் தாழ்ந்தது. பெரிய மணல்மேட்டில் பெரிய திடல் அமைப்பதா, சாதாரண மேய்ச்சல் நிலத்தில் அதே சுவையைக் கொண்டுவந்து ஊருக்கே கொடுப்பதா, எது கடினமான கலை? ஹூஸ்டன் மாநகராட்சியின் மெமோரியல் பார்க் திடலை டோக் புதுப்பித்து 2019-இல் திறந்தார். அடுத்த ஆண்டே பிஜிஏ டூர் அங்கு வந்தது. போட்டி முடிந்த பிறகு நகரத்தார் அதே புல்லில் ஆடுகிறார்கள். நவீன வடிவமைப்பின் சாதனை என்று ஒன்றிருந்தால் அது இதுதான்.

இந்த ஆட்டம் பிறந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸை ஒரு பொது அறக்கட்டளை நடத்துகிறது. அந்த அறக்கட்டளை நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1974-இல் அமைந்தது. முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுப்பாதை போகிறது. கடற்கரைக்குப் போகும் குடும்பம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அதில் கடக்கும்போது, உலகின் எந்த மூலையிலிருந்து வந்த ஆட்டக்காரரும் மட்டையைத் தரையில் ஊன்றிக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டமே கிடையாது. ஊரார் நாயோடு நடக்கும் பூங்கா அது. வெளியூர்க்காரருக்குக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல் என்பது உண்மைதான். வெளியூர்க்காரரிடம் வாங்கி உள்ளூர்க்காரருக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள்; அதில் தவறென்ன? உலகம் முழுவதும் வடிவமைப்பாளர்கள் இந்தத் திடலின் மேடுபள்ளங்களை நகலெடுக்கிறார்கள். குறுக்குப் பாதையை மட்டும் யாரும் நகலெடுப்பதில்லை.

‘தரவரிசையை மாற்றினால் பணக்கார மன்றங்கள் கதவைத் திறந்துவிடுமா’ என்று கேட்பவர்கள் ஷோல் கிரீக்கை மறந்துவிட்டார்கள். விளம்பரதாரர்கள் போட்டியின் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து பின்வாங்கத் தொடங்கியதும், சில வாரங்களிலேயே அந்த மன்றம் ஒரு கறுப்பினத்தவரை உறுப்பினராக்கியது. பாகுபாடு காட்டும் மன்றங்களில் போட்டி நடத்துவதில்லை என்று அமைப்புகள் விதி வகுத்தன. சைப்ரஸ் பாயின்ட் அந்த விதிக்கு உட்படாமல் போட்டியையே விட்டுவிட்டது. விட்டது விட்டதாகவே இருக்கட்டும். பணத்துக்கும் அஞ்சாத மன்றங்கள் பெயருக்கு அஞ்சும். உறுப்பினர் கட்டணத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலைத்தானே சுட்டிக்காட்டுகிறார்கள்?

ஆகவே மூன்று இதழ்களும் அடுத்த பதிப்பிலேயே ஒன்று செய்யட்டும். ஆண்டில் ஒரு நாளாவது, அறிமுகக் கடிதம் இல்லாமல், நியாயமான கட்டணத்தில் பொதுமக்கள் ஆட முடியாத எந்தத் திடலுக்கும் எண் கொடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் பத்தே ஆண்டுகளில் முதல் நூறில் பாதித் திடல்களாவது கதவைத் திறந்திருக்கும். அதற்கு மனமில்லாத மன்றங்கள் பட்டியலுக்கு வெளியே நிம்மதியாக இருக்கலாம். சான்ட் ஹில்ஸ் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்து முடிக்கும்வரை, நெப்ராஸ்காவின் முதலிடத்தில் வைல்ட் ஹார்ஸ் இருக்கட்டும்.