வேப்பெண்ணெயும் மூடாத தொட்டியும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் காய்ச்சல் பிரிவின் கூடத்தில் வேப்பெண்ணெய் மணக்கத் தொடங்கும். குழந்தைகளின் கை கால்கள் பளபளக்க, தாய்மார்கள் வரிசையில் காத்திருப்பர். "வீட்டிலேயே காய்ச்சிய எண்ணெய்தான் டாக்டர், இயற்கையானதுதானே, கெடுதல் இல்லையே?" என்று அவர்கள் கேட்கும்போது ஒரே சொல்லில் விடை கூற எங்களால் இயலுவதில்லை.

வீட்டு மருந்தை இகழ்வது எங்கள் நோக்கமன்று. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசினால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்கள் கடிப்பதில்லை என்று 1993-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி வேப்பெண்ணெய் போதும். மிகுதியாகக் கலந்தால் தோல் எரியும். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்பே உடலில் பூசுதல் நன்று. கண்ணருகிலும், புண்ணிலும், குழந்தை வாயில் வைக்கும் கைகளிலும் பூசலாகாது. கைக்குழந்தைகளுக்கு எந்த எண்ணெயும் வேண்டா, கொசுவலையே போதும். நொச்சியையும் நாங்கள் மறுக்கவில்லை. கோட்டை மதிலைக் காத்து நிற்கும் போருக்குப் பழந்தமிழர் சூட்டிய பெயர் நொச்சி. 2012-இல் சென்னை மாநகராட்சியும் கொசுவை விரட்ட நொச்சிச் செடியைத்தான் நாடியது.

ஆயினும் நம் வட்டாரத்தில் உயிர் பறிப்பது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும், பொழுது சாயுமுன் மாலையிலும் அதன் வேட்டை மிகுதி. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பகல் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கின்றனர். இரு கைகளும் வேலையில் இருக்க, கணுக்காலில் கடிக்கும் கொசுவை யார் விரட்டுவது? காலையில் பூசிய எண்ணெய் அவர்களை மாலைவரை காக்கும் என்று எண்ணுவது தவறு. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சிட்ரோனெல்லா எனப்படும் புல்லெண்ணெய் கலந்த பூச்சுகள் 20 நிமிடங்கள்கூடக் காக்கவில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு டீட் கலந்த பூச்சோ ஐந்து மணி நேரம் காத்தது. நறுமணம் வீசுவதால் மட்டும் காவல் நீடிப்பதில்லை.

இயற்கையானது என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்குச் சங்கில் புகட்டினால் மூளையும் ஈரலும் பாதிக்கப்படலாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பு வரும். வேப்பிலை மூட்டமும் கொசுவர்த்திச் சுருளும் ஆஸ்துமா உள்ளவர் படுத்திருக்கும் மூடிய அறைக்கு ஏற்றவை அல்ல. அன்போடு போட்ட மூட்டத்தால் இரவில் மூச்சுத்திணறி வந்த முதியவர்களை நாங்கள் அறிவோம்.

2012-ஐ நெல்லை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று இம்மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில் தொடங்கி ஊர் ஊராகக் காய்ச்சல் பரவியது. அவ்வாண்டு தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு பதிவாயிற்று; 66 பேர் இறந்தனர். வற்றாத தாமிரபரணி ஓடும் நாட்டில் இது நேர்ந்தது எவ்வாறு? ஆறு அருகில் ஓடினாலும் குழாயில் நாள்தோறும் நீர் வருவதில்லை. ஆகவே டிரம்மிலும், சிமெண்ட் தொட்டியிலும், அண்டாவிலும் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் கொசு ஆற்றிலும் சாக்கடையிலும் பெருகுவதன்று. நாம் சேமித்த தெளிந்த நீரிலேயே பெருகுவது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். நீரை மட்டும் கொட்டினால் போதாது; தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிர்த்திருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் உட்சுவரை அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மூடியில்லாத டிரம்மைப் பழைய வேட்டியால் இறுகக் கட்டினாலும் போதும். குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, முற்றத்தில் கிடக்கும் ஆட்டுரல், பழைய டயர் ஆகியவற்றையும் பாருங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நாங்களும் இதில் தவறியதுண்டு. ஒரு மழைக்காலத்தில் எங்கள் மருத்துவர் அறையின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீருக்கு வைத்திருந்த வாளியில் புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கண்டு சொன்னவர் துப்புரவுப் பணியாளர், எங்களுள் ஒருவருமல்லர். அன்று முதல் ஞாயிறுதோறும் அவ்வாளி கவிழ்க்கப்படுகிறது.

உடனிருந்து கவனிப்போருக்கு மேலும் ஒன்று. வீட்டில் ஒருவருக்கு டெங்கு கண்டால், பிறரைக் காக்க முதலில் வலைக்குள் இருக்க வேண்டியவர் நோயாளியே. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுதான் நோயை அடுத்தவருக்குக் கொண்டு செல்லும். எனவே பகலிலும் அவரை வலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூபன் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியடைந்து விடுகிறோம். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவென்று பாராமல் அழைத்து வாருங்கள். எண்ணெய் பூசிய கையோடு வந்தாலும் எங்களுக்குக் குறையில்லை.