ஷிப்ட் முடிஞ்சுது, கிளம்பு!

எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ‘ஷிப்ட்’ என்றால் விளக்கவே வேண்டாம். சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. தொழிற்சாலைக்கு அது சரி. காலேஜுக்கு எதுக்குங்க ஷிப்ட்?

1964-ல் பாரதி மகளிர் கல்லூரி, 1973-ல் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி. வடசென்னையில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி உருவானது இங்கேதான். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால், அரசுக் கல்லூரிகளில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று சீட்டைப் பெருக்கியவர்கள், ஆசிரியரைப் பெருக்கினார்களா? காலி இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் மட்டும்! மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-ல் யு.ஜி.சி. சொன்னது. அதைக் கேட்டு அவர்கள் கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் வரும். ஒரு மணி நேரம், அறுபது பேர். பாடமே நடத்தாமல் பேசினாலும் தலைக்கு ஒரு நிமிஷம்! ஆக, பேச்சு பெல்லுக்கு அப்புறம்தான். தினம் 5 மணி நேரமாவது ஆசிரியர் கல்லூரியில் இருக்கணும் என்கிறது யு.ஜி.சி. விதி. இருக்கட்டும், எங்கே உட்கார்ந்து பேசுவார்? அடுத்த ஷிப்ட் வாசலில் நிற்கிறதே.

அடையாறு பையனுக்கு அப்பா சொல்லித் தருவார். எம்.காம். சேரலாமா, சி.ஏ. எழுதலாமா என்று கேட்க, காசிமேட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த மேடம்தான்.

புதுக் கல்லூரிக்கு ரிப்பன் வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். துறைக்கு ஓர் அறை, நாலு நாற்காலி போடுங்கள் சார்.