எல்லாக் குழந்தைகளுக்குமான பாடம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டு, எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர் சிறுமியர் 2021 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் வகுப்பறைக்குத் திரும்ப இயலாதிருந்த அந்த நீண்ட காலத்தில், உபாத்தியாயர்களாகிய எங்கள் மனத்தை மிகவும் வருத்திய கேள்வி, நாங்கள் அனுப்பும் பாடம் எந்தக் குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கப்பட்டிருந்தமையால், இணைய வசதியற்ற வீடுகளுக்கும் பாடங்கள் சென்றன என்பது நன்றியுடன் நினைக்கத்தக்க விஷயம். ஆயினும் பாடம் வீட்டுக்குள் நுழைவது வேறு. குழந்தையின் சித்தத்துக்குள் நுழைவது வேறு.

கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர், "இந்தக் கோட்டையும் அந்தக் கோட்டையும் பாருங்கள்" என்று சொல்லும்போது, பார்வையற்ற மாணவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் அதை விவரித்துச் சொல்லிவிடுவான். அதே வாக்கியம் தொலைக்காட்சியில் ஒலிக்கும்போதோ, அவனுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. உதட்டசைவை நோக்கிப் பொருள் உணரும் செவித்திறன் குறைந்த மாணவிக்கு, கைப்பேசித் திரையில் சிறுத்துத் தெரியும் முகமும், பள்ளி திறந்த பின்னர் முகக்கவசம் அணிந்த முகமும் ஒருங்கே பாடத்தை மறைத்தன. சக மாணவர்களின் சகவாசத்தாலும் நாள்தோறும் மாறாத ஒழுங்கினாலும் மெல்ல மெல்லக் கற்றுவந்த அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகள், அவ்விரண்டையும் ஒரே நாளில் இழந்தார்கள்.

இவற்றையெல்லாம் குழந்தைகளின் குறையென்று கருதுவது அநியாயம். பாடத்தை அமைத்த விதத்திலேயே குறை இருக்கிறது. "அந்தக் கோடு" என்பதற்குப் பதிலாக, "முக்கோணத்தின் அடிப்பக்கம், 6 செ.மீ. நீளமுள்ளது" என்று ஆசிரியர் சொல்லிப் பழகுவாராயின், பார்வையற்ற மாணவன் மட்டுமன்றி, படம் தெளிவாகத் தெரியாத சிறிய கைப்பேசியில் கேட்கும் மாணவனும் பயனடைவான். பேச்சு திரையில் எழுத்தாகவும் ஓடுமானால், செவித்திறன் குறைந்த மாணவியோடு, அப்பொழுதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கும் அது உதவும். கற்றதை எழுதிக் காட்டவும், சொல்லிக் காட்டவும், வரைந்து காட்டவும் இடமளிக்கும் பரீட்சை, எழுத இயலாத ஒரு குழந்தைக்குச் செய்யும் சலுகை அன்று. அறிவை உள்ளபடி அளக்கும் நேர்மையான முறை அதுவே.

21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்கியிருக்கிறது. அக்கடமைக்கு ஆபத்துக் காலத்தில் விடுமுறை கிடையாது. கொரோனா ஓய்ந்த பின்னரும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும், பின்னர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெருகிய வெள்ளம் பள்ளிகளை மூட வைத்தது. இத்தகைய சந்தர்ப்பங்கள் இனியும் வரும்.

ஆதலால், பாடநூல் எழுதுவோரும், தொலைக்காட்சிப் பாடம் தயாரிப்போரும், பயிற்சி வகுப்பு நடத்துவோரும், வேலை முடிந்த பிறகு, மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கத்தை விடுத்து, தொடக்கத்திலேயே அவர்களையும் அக்குழந்தைகளின் பெற்றோரையும் அழைத்து உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும். மிகுந்த சிரமத்தோடு கற்கும் குழந்தையை முதலில் மனத்திற்கொண்டு அமைக்கப்படும் பாடமே எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பாடமாகும். அதனை அமைதியான நாட்களிலேயே ஆயத்தம் செய்துவைப்பது நம் அனைவரின் பொறுப்பு.