தளத்துல கம்பி தெரியுதா? சிமெண்ட் பூசினா மட்டும் போதாது!

சேத்தியாத்தோப்பு:
மழை ஆரம்பிச்சா போதும், பழைய தொகுப்பு வீட்டுக்காரங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். காரை பெயர்ந்து விழும், துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டும். கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசுவோம். கொஞ்ச காலத்திலேயே பக்கத்தில் பொத்துக்கொண்டு விழும். ஏன்?

கவசம் போச்சு!
நல்ல கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மை, கம்பிக்கு மெல்லிய கவசம் போட்டு வைக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைத்தாலோ, உப்பு உள்ளே இறங்கினாலோ கவசம் காலி. பரங்கிப்பேட்டை மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று எதிரி. நம்ம பக்கம் ஒழுகும் தளமும், உப்புத்தண்ணியில் கலந்த கலவையும் போதும். துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிப்பதால் காரை வெடிக்கிறது.

துருப்பிடிப்பது பேட்டரி வேலை மாதிரி. ஒரே கம்பியில் ஒரு இடம் கரையும், அடுத்த இடம் தப்பிக்கும். உப்பு ஏறிய தளத்தில் ஒட்டுப்போட்டால், ஒட்டுப்போட்ட இடம் தப்பிக்கும். பக்கத்து இடம் கரைய ஆரம்பிக்கும்!

கரண்ட் வைத்தியம்
பேட்டரி வேலைக்கு பேட்டரியே மருந்து. கான்கிரீட் மேல் டைட்டானியம் வலை விரித்து, கம்பிக்கு குறைந்த மின்சாரம் கொடுத்தால் உப்பு வெளியே இழுக்கப்படும். இதற்கு சில வாரம் ஆகும். இன்னொரு முறையில் மின்சாரம் நிரந்தரமாக ஓடி துருவைத் தடுக்கும். 1973ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பாலத்துக்கு இப்படிச் செய்தார்கள். பாலம், பெரிய கட்டடங்களுக்கு இது சரி.

சின்ன வேலைக்கு துத்தநாகக் கட்டி உண்டு. கம்பியோடு கட்டி உள்ளே புதைத்தால், கம்பிக்குப் பதில் அது கரையும். ஆனால் மெலிந்துபோன கம்பியை எந்தக் கரண்டும் பழையபடி ஆக்காது. புதுக்கம்பி சேர்த்தே ஆகணும்.

நம்ம ஊர் ஆய்வகம்
இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டாம். 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி 'சிக்ரி' மின்வேதியியல் ஆய்வகம், கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சே கண்டுபிடித்திருக்கிறது.

2000-01க்கு முன் அரசு கட்டிக்கொடுத்த கிராமப்புற வீடுகளைப் பழுதுபார்க்க 2024ல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. அந்தக் காசு வெறும் பூச்சிலேயே கரைஞ்சிடக் கூடாது. முதலில் ஒழுகலை அடைக்கணும். கம்பியைச் சுற்றி உடைத்து, துருவைச் சுரண்டி, எவ்வளவு மெலிந்திருக்குன்னு பார்க்கணும். அப்புறம்தான் சிமெண்ட்!

கம்பியைப் பார்க்காமல் பூசினால், மறுபடி விழுவது காரை மட்டுமா இருக்காது. கீழே குழந்தைகள் தூங்குதே... கவனிப்பார்களா அதிகாரிகள்?