மோட்டார் மாற்றமும் இன்ஷூரன்ஸ் பாலிஸியும்

மோட்டார் வாங்குவோரில் அநேகர் அதைத் தயாரித்தவர் கொடுத்தபடியே வைத்துக்கொள்வதில்லை. காஸ் கிட் பொருத்துகிறார்கள். அகலமான சக்கரம் மாட்டுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்குகளைத் தனி வயரிழுத்துச் சேர்க்கிறார்கள். இவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமென்ற நினைவு மட்டும் உண்டாவதில்லை. 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று பட்டறைக்காரர் சொல்வதே அவர்களுக்குச் சட்டமாக இருக்கிறது.

அந்தச் சட்டம் விபத்து நேர்ந்த நாளன்று செல்லாது. சேலத்து வியாபாரி ஒருவர் தமது காரில் காஸ் கிட் பொருத்திவிட்டு, பாலிஸியில் பெட்ரோல் வண்டியென்றிருப்பதை அப்படியே விட்டிருக்கிறாரென்று வைத்துக்கொள்வோம். வண்டி தீப்பற்றினால், பார்வையிட வரும் சர்வேயரின் கண்ணில் முதலில் படுவது சிலிண்டர்தான். தெரிவிக்காத மாற்றமென்று கூறி நஷ்ட ஈட்டை மறுக்கக் கம்பெனிக்கு வழி பிறந்துவிடுகிறது. வழியில் சென்ற ஓர் ஏழை அடிபட்டிருந்தாலோ, கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாவதும் உண்டு. அப்போது வீடு வாசலே போகக்கூடும். 2002-ஆம் வருஷத்து மோட்டார் டாரிப்பில் இதற்கென விதித்திருந்த அதிகப் பிரீமியமோ, கிட்டின் விலையில் நூற்றுக்கு 4 வீதமும், பிறருக்கு நேரும் நஷ்டத்திற்காக 60 ரூபாயுமே!

தெரிவித்துவிட்டால் எல்லா மாற்றமும் நியாயமாகிவிடும் என்றும் எண்ணற்க. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019-இல் இதனை வலியுறுத்தியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காஸ் கிட் போன்றவைக்கு இடமுண்டு. அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தையும் 14 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.ஸி.யில் பதியச் செய்யவேண்டும்.

இவ்வளவும் வண்டிக்காரரின் கடமை. கம்பெனிகளுக்குக் கடமை இல்லையா? கேட்காவிட்டாலும் முக்கிய விஷயங்களைத் தாமே சொல்லவேண்டுமென்ற கொள்கை, 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு கூறிய தீர்ப்பிலிருந்து நமக்கு வந்தது. சுமாத்திராவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கோட்டை ஒன்றைப் பற்றிய வழக்கு அது. நல்லெண்ணம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துமென்று அவர் சொன்னார். அவ்வழக்கில் தோற்றவரும் இன்ஷூர் செய்துகொடுத்தவரே. இதனை நம்மவர் எடுத்துச் சொல்வதில்லை. இங்கிலாந்தோ 2012-இல் புதுச் சட்டமியற்றி, சொந்த உபயோகத்திற்காக இன்ஷூர் செய்யும் சாதாரண ஜனங்களைத் தாமே தேடிச் சொல்லும் கடமையிலிருந்து விடுவித்துவிட்டது. கேள்விகளைத் தெளிவாகக் கேட்பது அங்கே கம்பெனியின் பொறுப்பு. அவர்கள் கழற்றி எறிந்த சட்டையை நாம் இன்னும் பத்திரமாக அணிந்துகொண்டிருக்கிறோம்.

பார்லிமெண்டு இதற்கொரு மசோதா கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னரே, 'வண்டியில் ஏதேனும் மாற்றம் செய்திருக்கிறீர்களா?' என்ற கேள்வியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் நல்ல தமிழில் அச்சிடுவதற்குக் கம்பெனிகளுக்கு என்ன தடை? பொடி எழுத்து இங்கிலீஷில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்னர் மறைத்தாரென்று குற்றஞ்சாட்டுவது முறையன்று. கேள்வி வரும் வரையில் நேயர்கள் காத்திராமல், மாற்றத்தைச் செய்யுமுன்பே கம்பெனிக்கு எழுதி, பாலிஸியில் குறிப்புச் சேர்த்து வாங்கிக்கொள்வார்களாக.