ஏழைகள் வயிற்றில் அடிக்கும் செல்போன் கட்டண உயர்வு: வன்மையான கண்டனம்

அக்காள்மடம், ஜூலை 2024

ஜூலை 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடஃபோன் ஐடியாவும் செல்போன் கட்டணத்தை ஏற்றிவிட்டன. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் ரீசார்ஜ் இப்போது 299 ரூபாய். இணையம் அதிகம் பார்க்காதவர்கள் போட்டுவந்த 155 ரூபாய் ரீசார்ஜும் 189 ஆகிவிட்டது. இதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கும் என்று ஒன்றிய அரசு கைகழுவுவதை அதைவிட வன்மையாகக் கண்டிக்கிறது.

மாத ரீசார்ஜ் என்று பெயர். 28 நாளில் முடிந்துவிடுகிறது. ஆக, ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும். ஒரு போனுக்கே 3,887 ரூபாய். கடலுக்குப் போகிறவர் கையில் ஒன்று, பிள்ளைகள் படிக்கவும் பேங்க் ஓடிபி பார்க்கவும் வீட்டில் ஒன்று என்றால், மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயில் பாதிக்கு மேல் ரீசார்ஜுக்கே போய்விடுகிறது. 61 நாள் தடைக்காலம் முடிந்து, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் இப்போதுதான் வட்டிக்கடனை அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

போனே வேண்டாம் என்று இருந்துவிட முடியுமா? 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவே செயலியில் படம் எடுத்துத்தான். உதவித்தொகை வந்ததா என்று பார்க்கவும் போன் வேண்டும். காற்று பலமாக வீசினால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஆனால் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு வீட்டுக்கு வந்து சேர்வது வாட்ஸ்அப்பில். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தாலும் அப்படித்தான். எந்தப் படகு, யார் யார் என்ற பட்டியலும் போட்டோவும் போனுக்கு வருகின்றன. ரீசார்ஜ் தீர்ந்த வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கித் தன் வீட்டுக்காரர் முகத்தைத் தேடுகிறார். இம்மாதம் 1ஆம் தேதி பாம்பன் பகுதி நாட்டுப்படகு மீனவர்கள் 25 பேர் பிடிபட்டார்கள். கட்டணம் ஏறியது அதற்கு இரண்டே நாள் கழித்து.

எல்லாச் சேவையையும் போனுக்குள் கொண்டுபோய் வைத்தது அரசு. அதைத் திறக்கும் விலையை மட்டும் கம்பெனிகளிடம் விட்டது எந்த நியாயம்? பிஎஸ்என்எல் கட்டணத்தை ஏற்றவில்லை. அதற்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். தனியாருக்கு 2022 அக்டோபரிலேயே 5ஜி வந்துவிட்டது. அரசு நிறுவனத்துக்கு இன்னும் 4ஜி முழுதாக வரவில்லை. அதை நோஞ்சானாக்கி வைத்துவிட்டு மக்களை அங்கே போகச் சொல்வது ஏமாற்று.

இணையம் ஆடம்பரம் அல்ல என்பது அரசுகளுக்குத் தெரியாததும் அல்ல. 2021இல் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டை இலவசமாகத் தந்தது. கல்லூரி விடுதியில் போனுக்குக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை அரசு முடக்கியபோது உறவுகளின் கதி தெரியாமல் தவித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. அன்று அரசாணை அடைத்த வழியை இன்று விலை அடைக்கிறது.

உயர்த்திய கட்டணத்தை உடனே திரும்பப் பெற வேண்டும். பேச மட்டும் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்கு டேட்டா இல்லாத மலிவான ரீசார்ஜ் வேண்டும். ஊரகத் தொலைத்தொடர்புக்கென்று நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடிக்கப்படுகிறதே, அந்த நிதியிலிருந்து ரேஷன் அட்டைதாரர்களுக்குச் சலுகைக் கட்டணம் தர வேண்டும். எங்கள் பாம்பன் தீவில் பிஎஸ்என்எல் 4ஜி சேவையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். இக்கோரிக்கைகளை வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, ராமநாதபுரம் ஆட்சியரிடம் மீனவர் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கிறோம்.

இவண்,
சங்க நிர்வாகிகள்,
அக்காள்மடம்